கொழும்பில் இருவருக்கு ஒரு முழு நாள்: நூதனசாலையில் தொடங்கி காலிமுகத்திடல் வரை

கொழும்பைப் பார்க்க வரும் சோடிகள் பலர் நாளைத் தலைகீழாகப் போட்டுக்கொள்கிறார்கள். காலையில் தாமரைக் கோபுரம், அப்புறம் கடைகள், உச்சி வெயிலில் காலிமுகத்திடல், நேரம் மிஞ்சினால் நூதனசாலை. நேரம் மிஞ்சுவதே இல்லை. மிஞ்சினாலும் கால் ஓய்ந்துபோய், கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் இருவரும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

என் யோசனை இதற்கு நேர் எதிர். நூதனசாலைக்கு முதலில் போங்கள். கொழும்பின் பெயர்பெற்ற கட்டிடங்கள் சில, பழைய ஒன்றை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. சுதந்திர நினைவு மண்டபத்துக்குக் கண்டி அரசரின் சபாமண்டபம் மாதிரி. தாமரைத் தடாக அரங்குக்குப் பொலன்னறுவைக் குளம். பேரை வாவியில் நிற்கும் சீமமாலக என்ற பௌத்த விகாரைக்கு அந்தக் காலத்து வனமடங்கள். அந்தக் காலங்களின் பொருட்களைக் காலையில் பார்த்துவிட்டால், மத்தியானமும் மாலையும் தெருவில் காண்பதெல்லாம் அறிமுகமானதாக இருக்கும். புதிதாகக் கல்யாணமான சோடியோ, பிள்ளைகள் வளர்ந்தபின் வெளிக்கிட்ட சோடியோ, இந்த ஒழுங்கு இருவருக்கும் பொருந்தும்.

புறப்படுவதற்கு முதல்

நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாட்களையும் பொது விடுமுறைகளையும் தவிருங்கள். சில இடங்கள் பூட்டியிருக்கும், கங்காராமை விகாரையில் கூட்டம் நெரியும். போக நினைக்கும் ஒவ்வோர் இடத்தின் திறக்கும் நேரத்தையும் முந்தின நாளே இணையத்திலோ தொலைபேசியிலோ உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் காலை வெளித்து, பின்னேரம் இடியோடு மழை வரும். ஆகவே குடை கட்டாயம். மழை இல்லாவிட்டால் வெயிலுக்கு உதவும்.

உடையில் கொஞ்சம் கவனம் வேண்டும். பின்னேரம் விகாரைக்குப் போவதால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். செருப்பு சுலபமாகக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். உள்நாட்டவர் அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், இந்தியாவிலிருந்தோ புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தோ வருகிறவர்கள் கடவுச்சீட்டை. நூதனசாலையில் உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடக் கூடிய கட்டணம். ஓட்டோவுக்கு பிக்மி செயலியைக் கைத்தொலைபேசியில் இறக்கி வைத்தால் விலை பேசும் தொல்லை இல்லை. பஸ்ஸுக்குச் சில்லறைக் காசு வைத்திருங்கள்.

காலை ஒன்பது மணி: தேசிய நூதனசாலை

கறுவாத்தோட்டத்தில், சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் இருக்கிறது. திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவதற்குள் கீழ்த்தளத்தைப் பார்த்து முடிக்கலாம்.

உள்ளே ஓடாமல் புல்வெளியில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இத்தாலியப் பாணியில் வெள்ளை வெளேரென்ற கட்டிடம், இரண்டு பக்கமும் பெரிய ஆலமரங்கள், முன்னால் ஆளுநர் வில்லியம் கிரகரியின் சிலை. கிரகரியின் முயற்சியில் 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்ட இடம் இது. வரைந்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர். கட்டிக்கொடுத்தவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற தமிழ் பேசும் முஸ்லிம் ஒப்பந்தக்காரர். கைம்மாறாக என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைத்தால் போதும் என்றாராம். அந்தக் கதையைக் கொழும்பு முஸ்லிம் குடும்பங்களில் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். அனுராதபுர அறை, பொலன்னறுவை அறை, கண்டி அறை என்று காலவரிசையில் போகும். மூன்று பொருட்களைக் குறித்துக்கொண்டு போங்கள். மற்றவற்றை நடக்கும் வழியில் பார்த்தால் போதும்.

முதலாவது, மூன்று மொழிக் கல்வெட்டு. கண்ணில் படாவிட்டால் காவலில் நிற்பவரிடம், “ஐயா, காலியில் இருந்து கொண்டுவந்த சீனக் கல்வெட்டு எங்கே?” என்று கேளுங்கள், காட்டுவார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து காலியில் நாட்டிய கல் இது. பொறிக்கப்பட்ட ஆண்டு 1409. உச்சியில் எதிரெதிராக இரண்டு டிராகன்கள், கீழே சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குப் படைத்த காணிக்கைகளைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்கு. பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கு. மூன்று தரப்புக்கும் கொடுத்த பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் ஆகியவற்றின் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே. ஒருவர் மனமும் நோகாமல் கொடுத்திருக்கிறார்கள். 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தபோதுதான் இது கண்டுபிடிக்கப்பட்டது.

இருவருமாகச் சேர்ந்து தமிழ்ப் பகுதியை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். தேய்மானம் இருக்கிறது, எழுத்தின் வடிவமும் இன்றைய அச்செழுத்து இல்லை. ஆனாலும் ஒருவருக்குப் பிடிபடாத எழுத்து மற்றவருக்குப் பிடிபடும். கொஞ்சம் சாய்வாக நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும் கோணத்தில் பார்த்தால் வெட்டு தெளிவாகத் தெரியும். அறுநூறு வருடங்களுக்கு முன்னர் இந்தத் தீவின் தெற்குக் கரையில், ஊர்மக்களுக்கு ஒன்றைச் சொல்லத் தமிழில் எழுத வேண்டியிருந்தது என்பதை இந்தக் கல்லைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடிய பொருள் கொழும்பில் வேறு இல்லை. இதற்காக மட்டுமே நூதனசாலைக்கு வந்தாலும் நான் சரி என்பேன்.

இரண்டாவது, பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் இருந்து அகழ்ந்தெடுத்த வெண்கலச் சிலைகள். மெழுகில் உருச் செய்து, மண் பூசி, உருக்கிய உலோகத்தை வார்த்து எடுத்தவை. நடராசரைப் பார்க்காமல் போகமாட்டீர்கள். ஆனால் சுந்தரர் சிலையைத் தேடிப் பிடியுங்கள். சிவனைக் கண்ட வியப்பில் அப்படியே நின்றுபோன இளைஞனின் முகம். கல்யாண மேடையில் வைத்துத் தடுத்தாட்கொள்ளப்பட்டவர், பின்னர் பரவையாரோடு மணமுடித்து, அவர் ஊடியபோது சமாதானம் செய்யச் சிவனையே தூது அனுப்பியவர். சோடியாக வந்தவர்கள் பார்க்க இவரைவிடப் பொருத்தமான நாயனார் யார்? மன்னார்த் திருக்கேதீச்சரத்துக்குப் பதிகம் பாடியவரும் இவர்தான்.

வெண்கலச் சிலையை முன்னால் நின்று பார்த்தால் பாதிதான். பெட்டி இடம் கொடுக்கும் அளவுக்குப் பக்கவாட்டில் போய் முதுகின் வளைவைப் பாருங்கள், இடுப்பு எந்தப் பக்கம் ஒடிகிறது, பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்று பாருங்கள். ஒருவர் அதே மாதிரி நின்று காட்டினால் மற்றவருக்கு உடனே விளங்கும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது, கண்டி அரசரின் சிம்மாசனம். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசாகக் கொடுத்தது. அதில் இருந்து ஆண்ட கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்கர் வம்சத்தவர். 1815இல் ஆங்கிலேயர் பிடித்து வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள், 1832இல் அங்கேயே காலமானார். சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய், 1934இல் குளோஸ்டர் கோமகன் ஹென்றியின் கையால் திரும்பி வந்தது. இந்தக் கோமகனின் பெயரை ஞாபகத்தில் வைத்திருங்கள். இன்றே இன்னொரு தடவை வருவார்.

மேல்மாடியில் ஓவியம், துணிமணி என்று இன்னும் பல இருக்கின்றன. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பதினொரு மணிக்குள் இறங்குங்கள்.

பதினொரு மணி: குமாரசுவாமியின் தெரு

நூதனசாலையை விட்டு வெளியே வந்தால் நடக்கும் தூரத்தில் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. பழைய ஆட்கள் கிரீன் பாத் என்பார்கள். நூதனசாலை திறந்த அதே 1877இல் கொழும்பில் பிறந்தவர் குமாரசுவாமி. தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். நீங்கள் இப்போது பார்த்துவிட்டு வந்த வெண்கலச் சிலைகளைப் பற்றி 1914இல் நூல் எழுதியவர் இவரே. நடராச வடிவத்தின் பொருளை மேற்குலகம் விளங்கிக்கொண்டது பெருமளவுக்கு இவர் எழுத்தால்தான்.

அவர் பெயருள்ள தெருவிலேயே ஓவியர்கள் தங்கள் படங்களை வேலியோரம் சாத்தி வைத்து விற்கிறார்கள். யானை, பெரஹெர, மழையில் ஓட்டோ என்று சுற்றுலாப் படங்கள் நிறைய, இடையிடையே நல்ல கைவேலையும் இருக்கும். ஜனவரி, பெப்ரவரிப் பக்கம் வருகிறவர்கள் கலா பொல என்ற ஒருநாள் ஓவியச் சந்தையின் திகதியைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். 1993இல் தொடங்கியது, இந்தத் தெரு முழுக்க ஓவியர்களால் நிறையும்.

வாங்குவதென்றால் ஒரு சொல். சட்டமில்லாத துணியோவியத்தைச் சுருட்டித் தரச் சொல்லுங்கள், தூக்கித் திரிவது லேசு. வரைந்தவரே விற்கிறாரா என்று கேளுங்கள். அவரே என்றால், எந்த இடத்தைப் பார்த்து வரைந்தது என்று கேட்டுக் கதை கொடுங்கள். விலை கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம், ஆனால் பாதிக்குப் பாதி கேட்டு ஒரு மனிதனின் உழைப்பை அவமதிக்க வேண்டாம்.

பக்கத்தில் தெரியும் பெரிய கட்டிடம் தாமரைத் தடாக அரங்கு, 2011இல் திறந்தது. பொலன்னறுவையில் பராக்கிரமபாகு காலத்துக் குளம் ஒன்று இருக்கிறது, எட்டிதழ்த் தாமரை அடுக்கடுக்காகக் கீழே இறங்குவது போல் கருங்கல்லில் செய்தது. அதன் வடிவம்தான் இங்கே மேலே எழுந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் விஹாரமகாதேவி பூங்கா, அதற்கு அப்பால் வெள்ளைக் குவிமாடத்தோடு நகர மண்டபம். பூங்கா வாங்குகளில் குடையை விரித்து அதன் பின்னால் அமர்ந்திருக்கும் காதலர்களைக் காண்பீர்கள். கொழும்பில் இது பல காலப் பழக்கம். பார்த்தும் பாராமல் போவதுதான் மரியாதை. படம் எடுக்காதீர்கள்.

பன்னிரண்டு மணி: சுதந்திர நினைவு மண்டபம்

ஓட்டோவில் சில நிமிடம். வெயில் ஏறும் நேரத்தில் இங்கே வரச் சொல்வதற்குக் காரணம், இது சுவரில்லாத மண்டபம். கூரை நிழலும் காற்றும் தாராளம். கல் படியில் இருந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தூண்களையும் சுற்றிலும் உள்ள சிங்கங்களையும் பாருங்கள்.

இதற்கு மாதிரியாக இருந்தது கண்டியின் மகுல் மடுவ. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை கைச்சாத்தானது அந்த மண்டபத்தில்தான். காலையில் பார்த்த சிம்மாசனம் கைமாறிய கதை அங்கே நடந்தது. 1948 பெப்ரவரியில் சுதந்திர இலங்கையின் முதல் நாடாளுமன்றத்தைச் சம்பிரதாயமாகத் திறந்துவைத்தது இந்தச் சதுக்கத்தில். திறந்துவைத்தவர் அதே குளோஸ்டர் கோமகன் ஹென்றி. ஆட்சி போன இடத்தின் வடிவத்திலேயே ஆட்சி திரும்பியதற்கு நினைவிடம் கட்டினார்கள் என்பதை நினைத்துக்கொண்டு தூண்களுக்கு நடுவே நடந்து பாருங்கள். இங்கிருந்து தொடங்கும் நாடாளுமன்ற வரலாறு தமிழருக்கு என்ன தந்தது, என்ன தரவில்லை என்ற பேச்சும் உங்களுக்குள் வரும். வரட்டும்.

மத்தியானச் சாப்பாடு

பௌத்தாலோக மாவத்தை வழியாகப் பம்பலப்பிட்டிக்கு இறங்குங்கள். காலி வீதியிலும் அதன் ஒழுங்கைகளிலும் சைவக் கடைகள் இருக்கின்றன, சோறும் கறிகளும் சூடாகக் கிடைக்கும். மச்சம் வேண்டியவர்களுக்கும் குறைவில்லை. ஒரு மணிக்கு முன்னால் போனால் இடம் பிடிக்கலாம், அதற்குப் பிறகு அலுவலகக் கூட்டம். வயிறு முட்டச் சாப்பிட்டால் அடுத்த இடத்தில் நித்திரை வரும். பாயசத்தை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி: இன்றைய ஓவியர்கள்

புறக்கோட்டை நோக்கிப் போகும் 100 அல்லது 101 இலக்க பஸ்ஸில் ஏறினால் கொள்ளுப்பிட்டி. கிரெஸ்கட் கடைத்தொகுதிக்குள் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் இயங்குகிறது. 2019 டிசம்பரில் தொடங்கியது. அனுமதி இலவசம். கண்காட்சி காலத்துக்குக் காலம் மாறும் என்பதால், நீங்கள் போகும் வாரத்தில் என்ன நடக்கிறது, எங்கே நடக்கிறது என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இதை வலியுறுத்துவது இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, விளக்கங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கின்றன. தமிழ் ஒப்புக்குப் போட்ட தமிழ் அல்ல, இருந்து வாசிக்கக்கூடிய தமிழ். மூன்று மொழிக் கல்வெட்டைப் பார்த்த அதே நாளில் இந்தச் சுவர்களையும் பார்ப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. இரண்டு, போர், இடப்பெயர்வு, வீடு, நிலம் என்று நம் வீடுகளில் பேசப்படுபவை இங்கே படங்களாகவும் புகைப்படங்களாகவும் பொருட்களாகவும் இருக்கும். சிலருக்கு அது கனக்கும். துணை அமைதியாகிவிட்டால் கேள்வி கேட்காமல் பக்கத்தில் நில்லுங்கள், பேச்சு பிறகு வரும்.

சமகாலக் கலை விளங்குவதில்லை என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் இருவரும் பிரிந்துவிடுங்கள். இருபது நிமிடம் தனித்தனியாகச் சுற்றி, ஆளுக்கு ஒரு படைப்பைத் தெரிவு செய்யுங்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். விளக்கத்தை வாசிப்பதற்கு முன்னால், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லுங்கள்: நிறம், அளவு, எதனால் செய்தது, எது முதலில் கண்ணை இழுத்தது. பிறகு விளக்கத்தை வாசியுங்கள். பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்தவர் எதைத் தெரிவு செய்வார் என்று உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைப்பீர்கள். பெரும்பாலும் பிழையாகிப்போகும், அதுதான் இதில் உள்ள சந்தோஷம்.

அங்கே கண்காட்சி இல்லாத இடைவெளியில் வந்தால் கில்போர்ட் கிரெசன்டில் உள்ள லயனல் வென்ட் கலையரங்கின் காட்சிக்கூடத்தைப் பாருங்கள். புகைப்படக் கலைஞர் வென்ட் 1944இல் மறைந்தார், அவர் நினைவாக 1953இல் அரங்கு திறந்தது. அவரைச் சுற்றி 1943இல் உருவானதுதான் ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஜஸ்டின் தரணியகல முதலானோரின் 43 குழு. அவர்களுடைய ஓவியங்களை ஒரே கூரையின் கீழ் பார்க்க விரும்புகிறவர்கள் பார்ன்ஸ் பிளேசில், ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டில் உள்ள சபுமல் மன்றத்துக்குப் போகலாம். வாரத்தில் சில நாட்களே திறக்கும், அதனால் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

நான்கு மணி: சீமமாலக

ஓட்டோ பிடித்துக் கொம்பனித்தெருப் பக்கம் பேரை வாவிக்கு வாருங்கள். கங்காராமை விகாரைக்குச் சொந்தமான சீமமாலக தண்ணீர் மேல் நிற்கிறது. மூன்று மேடைகள், இணைக்கும் சிறு பாலங்கள், நீல ஓட்டுக் கூரை. 1970களில் ஜெப்ரி பாவா வடிவமைத்தது. செலவை ஏற்றவர் மூசாஜி என்ற முஸ்லிம் வணிகர், இறந்துபோன தம் மகனின் நினைவாக. பௌத்த விகாரை ஒன்றை முஸ்லிம் தகப்பன் ஒருவர் கட்டிக்கொடுத்த கதையைப் படியில் இருக்கும் யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை, நீங்களாகத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

செருப்பைக் கழற்றிய பிறகு தரை சுடும், மரத்தட்டியிலும் நிழலிலும் நடங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள், இங்கே அதைப் பெரிய பிழையாக எடுப்பார்கள். மரக் கம்பிகளுக்கு இடையால் வாவியைப் பாருங்கள். பாவா தண்ணீரையும் காற்றையும் கட்டிடத்தின் சுவராக வைத்திருக்கிறார். சுதந்திர மண்டபத்தில் சுவரில்லாததையும் இதையும் ஒப்பிட்டால், அங்கே அரசின் பெருமிதம், இங்கே ஒதுங்கியிருக்க வந்தவரின் அடக்கம்.

ஐந்தரை: காலிமுகத்திடல்

சூரியன் மறையும் நேரம் மாதத்தைப் பொறுத்து ஆறுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஆறரை வரை மாறும். அரை மணித்தியாலம் முன்னதாக வந்துவிடுங்கள். நடைபாதையில் ஆளுநர் ஹென்றி வோர்ட் வைத்த கல்லைத் தேடிப் பாருங்கள். 1859இல் முடித்த இந்த நடைவழியை, கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலனுக்காகப் பேணும்படி தமக்குப் பின் வரும் ஆளுநர்களைக் கேட்டிருக்கிறார். தெற்கு முனையில் 1864இல் தொடங்கிய காலிமுக ஹோட்டல், வடக்கு முனையில் 1930இல் கட்டிய பழைய நாடாளுமன்றம், இன்றைய ஜனாதிபதி செயலகம். அரசுக்கு எதிரான 2022 போராட்டம் நடந்த இடமும் இந்த வாசலே. கடலைப் பார்த்து நின்றால், கடலை நிரப்பி எழுப்பிய துறைமுக நகரம் வலப்பக்கம் தெரியும், நகரத்தின் பக்கம் திரும்பினால் 350 மீற்றர் உயரத்தில் தாமரைக் கோபுரம். கோபுரத்தில் ஏற வேண்டுமா என்று கேட்டால், இந்த நாளில் வேண்டாம் என்பேன். உயரத்தில் இருந்து பார்ப்பது வேறொரு நாளின் வேலை.

இறால் வடை வாங்குகிற கடையில் எண்ணெய் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கண் முன்னால் பொரித்துத் தருகிற வண்டியைத் தெரிவு செய்யுங்கள். பருப்பு வடையின் மேல் முழு இறால், அதன் மேல் வெங்காயமும் மிளகாயும் போட்ட சம்பல். கடலை நோக்கி நின்று சாப்பிடும்போது காகம் கவனம்.

இரவுச் சாப்பாட்டுக்கு வெள்ளவத்தை நல்லது: தோசை, அப்பம், கொத்து எல்லாம் ஒரே தெருவில், கடைக்காரரோடு தமிழிலேயே கதைக்கலாம். காலி வீதி பஸ் நேரே போகும். கடற்கரை ரயிலில் போக ஆசையென்றால் கொள்ளுப்பிட்டி நிலையத்தில் ஏறுங்கள், ஆனால் ரயில் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு காலை கைவசம் இருந்தால் கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போங்கள். குமாரசுவாமியின் உறவினரான சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுவதும் கருங்கல்லால் திருப்பிக் கட்டியது. நூதனசாலைப் பெட்டியில் பார்த்த நடராசரைப் பூவும் தீபமுமாகப் பார்க்கலாம். நடை மத்தியானம் சாத்திவிடுவார்கள், எட்டு மணிக்கே போய்விட்டு, செட்டியார் தெரு நகைக்கடைகள் வழியாக இறங்கிப் புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலைப் பார்த்துக்கொண்டு கோட்டை ரயில் நிலையத்துக்கு வரலாம்.